புயலுக்கு முன்னால் போட வேண்டிய தீர்மானம்

கேள்வி: பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. 2018 கஜா புயலில் எங்கள் தோப்பில் எண்பது தென்னையில் ஆறுதான் மிஞ்சியது. அந்தச் சமயத்தில் கரண்டும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை. ஊர்க் கூட்டுறவுச் சங்கம் பல நாள் பூட்டியே கிடந்தது. நகையை அடகுக்கடையில் வைத்து, நூற்றுக்கு மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கித்தான் அரிசியும் கூரைக்குத் தார்ப்பாயும் வாங்கினோம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "இங்கெல்லாம் கிரெடிட் யூனியன்னு ஒண்ணு இருக்கு சித்தி. புயல் வந்தா அதுதான் முதல்ல கை கொடுக்கும். நீங்களும் ஒண்ணு ஆரம்பிங்க, நானும் பணம் அனுப்புறேன்" என்கிறான். எங்கள் ஊரில் மூன்று மகளிர் குழுக்களில் நாற்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் போட்டுப் புயல் நிதி தொடங்கலாமா? இல்லை, இருக்கிற கூட்டுறவுச் சங்கத்தையே நம்பலாமா? ஐப்பசிக்குள் ஏதாவது ஒரு ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று பார்க்கிறோம்.

ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிதியைத் தொடங்குங்கள். புதிதாகச் சங்கம் எதுவும் தொடங்க வேண்டாம். இருக்கிற சங்கத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் நீங்கள் நாற்பது பேரும் உறுப்பினர்களா, உறுப்பினர் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்குப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது அதற்கான பதில். கூட்டுறவு வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: புயலுக்கு மறுநாள் சங்கத்து வாசலில் போய் நின்று கேட்பதில் பாதி கிடைக்காது. ஆவணியில் தீர்மானமாக எழுதி வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும்.

முதலில் உங்கள் அக்கா மகன் சொல்லும் கிரெடிட் யூனியன். உறுப்பினர்களே பணம் போட்டு, அதிலிருந்து கடனும் எடுத்துக்கொள்ளும் சங்கம் அது. பெயர்தான் புதிதாகக் கேட்கிறது. அதுவும் நம்மூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் ஒரே பாட்டன் வழிப் பங்காளிகள். 1846-47 குளிர்காலத்தில் ஜெர்மனியில் விளைச்சல் பொய்த்துச் சனங்கள் பட்டினி கிடந்தபோது, வெயர்புஷ் என்ற சிற்றூரின் மேயராக இருந்த ரைஃபைசன், வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி, ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கடனாகக் கொடுக்க ஒரு சங்கம் வைத்தார். பின்னால் 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அவர் தொடங்கிய கடன் சங்கம் உலகம் முழுக்க மாதிரி ஆயிற்று. இங்கே 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாடு உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின்பு விவசாயியை வட்டிக்கடைக்காரனிடமிருந்து மீட்க என்ன வழி என்று ஆராய நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை மாகாண அரசு நியமித்தது. அவர் ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு, 1895இல் ரைஃபைசன் வழியைத்தான் பரிந்துரைத்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் முதல் சங்கமும் வந்தது. ஆகப் பஞ்சத்திலிருந்து பிறந்த ஏற்பாடு இது. உரம் விற்பதும் நகைக்கடன் கொடுப்பதும் பிற்பாடு சேர்ந்தவை.

அமெரிக்காவில் அது எப்படிக் கை கொடுக்கிறது என்பதை உங்கள் அக்கா மகன் முழுதாகச் சொல்லவில்லை. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா புயல் அடித்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, அங்கிருந்த கிரெடிட் யூனியன் கட்டடங்களும் சேர்ந்துதான் மூழ்கின. உறுப்பினர்கள் ஹூஸ்டன், பேட்டன் ரூஜ் என்று கிடைத்த பக்கம் ஓடினார்கள். அவர்களுக்கு உதவியது என்னவென்றால், ஒரு யூனியனின் உறுப்பினர் வேறொரு யூனியனின் கவுன்டரில் போய்த் தன் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று அவர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருந்த பொது ஏற்பாடு. போட்டிருக்கும் பணத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அரசு காப்பீடும் உண்டு. கவனித்தீர்களா? மூழ்கிய ஊரின் யூனியன் அந்த ஊருக்கு உதவவில்லை. மூழ்காத ஊரில் இருந்தவை உதவின.

உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர், ஆளுக்கு நூறு, மாதம் 4,000 ரூபாய். ஒரு வருஷத்தில் 48,000. இரண்டு வருஷத்தில் 96,000. ஒருவர் வீட்டில் பிரசவச் செலவு என்றால் இது தாராளமாகத் தாங்கும், இருவர் வீட்டில் மாடு செத்தாலும் தாங்கும். புயல் அப்படி வராது. ஒரே இரவில் நாற்பது வீட்டுக் கூரையும் போகும். ஆளுக்கு 5,000 கேட்டாலே இரண்டு லட்சம் வேண்டும். அடுத்த மாதத்து நூறு ரூபாயை யாரும் கட்டவும் மாட்டார்கள்.

மொய் விருந்து நடக்கும் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆடி ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் விருந்து வைத்து, கறிச்சோறு போட்டு, மொய் நோட்டில் எழுதி ஒரே நாளில் லட்சக்கணக்கில் திரட்டுவார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. தொழில் தொடங்க, கிணறு வெட்ட, பிள்ளையைப் படிக்க வைக்க இதைவிட நல்ல கடன் கிடையாது என்பேன். அதே விருந்து கஜாவுக்கு அடுத்த வருஷம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வாங்கியவரும் தென்னைக்காரர், திருப்பிப் போட வேண்டியவரும் தென்னைக்காரர். நோட்டில் பாக்கி இருந்தது, கையில் காசு இல்லை. ஊருக்குள்ளேயே சுற்றும் பணம் எவ்வளவு நாணயமானதாக இருந்தாலும், ஊரே விழும்போது அதுவும் விழும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு பை வேண்டும். ஒன்று சின்னது, ஊருக்குள் இருப்பது, புயல் அடித்த முதல் பத்து நாளுக்கு. இன்னொன்று பெரியது, ஊருக்கு வெளியிலிருந்து வருவது, அடுத்த போகத்துக்கும் அடுத்த கன்றுக்கும். முதல் பையை நீங்கள் நாற்பது பேரும் போடலாம். இரண்டாவதற்குக் கூட்டுறவுச் சங்கம்தான் நல்ல வழி, ஏனென்றால் அதற்கு மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, அதற்கு மேலே சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, அதற்கும் மேலே வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு என்று ஏணி போகிறது. வேதாரண்யத்தில் புயல் அடித்தால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடிக்காது. அங்கே போட்ட வைப்புப் பணம் இங்கே கடனாக இறங்க இந்த ஏணி வேண்டும்.

சின்னப் பையைப் பற்றி முதலில். மாதம் நூறு ரூபாய் சரியான தொகை. அதைக் குழுவின் வழக்கமான சேமிப்போடு கலக்காதீர்கள், தனிப் பதிவேடு போடுங்கள். சாதாரணக் காலத்தில் யாருக்கும் இதிலிருந்து உள்கடன் கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதில் இளகினால் ஐப்பசி வருவதற்குள் நிதி காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் போயிருக்கும். பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்து, புரட்டாசி கடைசியில் ஒரு பகுதியை மட்டும் ரொக்கமாக எடுத்து, மூன்று குழுவிலும் ஆளுக்கொரு பொறுப்பாளரிடம், ஓட்டு வீடோ மெத்தை வீடோ பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். மார்கழி முடிந்ததும் திரும்பக் கணக்கில் போட்டுவிடுங்கள். கஜாவில் பல கிராமங்களில் மின்கம்பங்கள் நட வாரக்கணக்கில் ஆயிற்று. கணக்கில் பணம் இருந்தவரும் கைநீட்டும்படி ஆனது அதனால்தான். அந்த நாட்களில் ஐந்நூறு ரூபாய்த் தாளும் உதவாது, சில்லறை வேண்டும்.

கணக்கு எங்கே வைப்பது? மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளையிலோ வேறு வங்கியிலோ வையுங்கள். ஊர்ச் சங்கத்தில் முழுத் தொகையையும் வைக்க வேண்டாம். என் பழைய சகாக்கள் சிலருக்கு இதைக் கேட்டால் கோபம் வரும், பரவாயில்லை. வங்கிகளில் போட்டிருக்கும் பணத்துக்கு, கூட்டுறவு வங்கி உட்பட, ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். அந்தக் காப்பீடு கிராமத்துத் தொடக்கச் சங்கத்தில் போடும் வைப்புக்குப் பொருந்தாது. கடன் வாங்கவும் ஓட்டுப் போடவும் சங்கம், பத்திரமாக வைக்க வங்கி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது பேருக்கு வெளியே யாரிடமும் வைப்பு என்று பணம் வாங்காதீர்கள். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019இல் வந்துவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் காவல் நிலையம் வரை இழுக்கும். புதுச் சங்கம் வேண்டாம் என்றதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, பதிவு, தணிக்கை, செயலாளர் சம்பளம் என்று உங்கள் 4,000 ரூபாயை அதுவே தின்றுவிடும். ‘கூட்டுறவு’ என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு அதிக வட்டி ஆசை காட்டி ஏமாற்றிய கூட்டங்களையும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம்.

கடலோரத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. வேதாரண்யம், நாகை மீனவர் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் என்று மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாக நடக்கிறது. மீன்பாடு உள்ள மாதங்களில் உறுப்பினர் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டினால், அரசுப் பங்கு 3,000 சேர்த்து, மழைக்காலத்தில் 4,500 ஆகத் திரும்பக் கிடைக்கும். மீனவ மகளிருக்கும் இதே போல உண்டு. தொகை பெரிதில்லை. ஆனால் கை வறளும் மாதம் எது என்று முன்பே தெரிந்து, அதற்கென்று பணத்தை ஒதுக்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் அதில் இருக்கிறது. நெல்லுக்கும் தென்னைக்கும் இப்படி ஒரு திட்டத்தை இத்தனை வருஷத்தில் யாரும் யோசிக்காதது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

இனிப் பெரிய பை. சங்கத்துக்குப் போய் உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேர் உறுப்பினர் என்று பாருங்கள். எத்தனை பேர் ஓட்டுரிமை உள்ள ‘அ’ வகுப்பு, எத்தனை பேர் வெறும் இணை உறுப்பினர் என்றும் பாருங்கள். நிலம் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் பெண்கள் பலரை நகைக்கடனுக்காக இணை உறுப்பினராகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பேரவையில் ஓட்டு இல்லை. தகுதி உள்ளவர்கள் பங்குத்தொகை கட்டி ‘அ’ வகுப்புக்கு மாறுங்கள். நாற்பது பெண்கள் பேரவையில் சேர்ந்து உட்கார்ந்தால் செயலாளர் கணக்கை வேறு மாதிரி வாசிப்பார், பார்க்கத்தானே போகிறீர்கள்.

கூட்டத்தில் என்ன கேட்பது? "புயலுக்கு உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "ஆகட்டும்" என்று பொதுவாகப் பதில் வரும். கட்டடத்துக்குள் தண்ணீர் வந்தால் எந்த இடத்தில் மேசை போட்டு அலுவல் நடக்கும் என்று கேளுங்கள். பள்ளிக்கூடமா, நூலகமா, சங்கத்துக் கிட்டங்கியா, பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் மத்திய வங்கிக் கிளையிலிருந்து எவ்வளவு ரொக்கம் எடுத்து வைக்கலாம், அதற்கு யார் அனுமதி என்று கேளுங்கள். சாதாரண நாளில் செயலாளர் கையில் வைத்திருக்கக்கூடிய ரொக்கத்துக்கு வரம்பு உண்டு. புயல் நாளில் அந்த வரம்பே அவருக்குச் சாக்காகவும் ஆகும். தவணை தவறாத உறுப்பினருக்கு ஒரு சிறு அவசரக் கடன், கையெழுத்தின் பேரில், ஐந்தாயிரமோ என்னவோ, மூன்று மாதம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும்படி கொடுக்கச் சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திருத்தம் போடத் தீர்மானம் கொண்டு வாருங்கள். துணைப்பதிவாளர் அலுவலகம் வரை போய்வர மாதங்கள் ஆகும், அதனால்தான் இதைக் கார்த்திகையில் ஆரம்பிக்க முடியாது என்கிறேன். தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் சங்கம் நடக்கிறது என்றால், இதே கேள்விகளை எழுத்தில் அவருக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நகைக்கடனையும் அலட்சியம் செய்யாதீர்கள். புயலுக்கு மறுவாரம் வேலை செய்வது பெரும்பாலும் அதுதான். மூணு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். சங்கத்து நகைக்கடன் வட்டி அதில் பாதிகூட வராது. உங்கள் நகை அடகுக்கடைக்குப் போனதற்கு ஒரே காரணம் சங்கம் பூட்டிக் கிடந்தது. மதிப்பீட்டாளர் எங்கே இருப்பார், பெட்டகச் சாவி யாரிடம் இருக்கும் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டால் அடுத்த தடவை அந்த 36 சதவீதம் மிச்சம்.

புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி எல்லோரும் பாஸ்புக்கில் வரவு போட்டு வாருங்கள். நாட்டில் தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டம் 2022இல் தொடங்கி நடந்துவருகிறது, இருந்தாலும் உங்கள் கையில் ஒரு சாட்சி வேண்டும். பேரேடு நனைந்து எழுத்து கரைந்த சங்கத்தில் கடன் பாக்கி எவ்வளவு என்று முடிவு செய்ய நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வாரிசு நியமனம் விட்டுப்போயிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகையில் பிழைத்தவர்கள் அலைந்த அலைச்சலில் இதுவும் ஒன்று. பட்டா, சிட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், நகைக்கடன் ரசீது, எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். அவர் இருக்கும் ஊரில் நம்மூர்ப் புயல் அடிக்காது.

பயிர்க்கடன் வாங்கும் வீடுகளுக்கு இரண்டு வார்த்தை. கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டுக் கூட்டுறவில் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. ஆனால் கடன் வாங்கியவருக்குப் பயிர்க்காப்பீடு தானாகச் சேரும் என்று நினைத்திருந்தால், 2020 குறுவையிலிருந்து அது கட்டாயமில்லை, விருப்பம் என்று ஆகிவிட்டது. சங்கத்தில் பிடித்தம் செய்தார்களா என்று ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், டெல்டாவில் அண்மை ஆண்டுகளில் ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று, வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் அவரைப் பிடிப்பது மேட்டூரில் கடைசித் தண்ணீர் பிடிப்பதைவிடக் கஷ்டம், ஐப்பசி முதல் வாரமே போய்விடுங்கள்.

அந்தக் காப்பீட்டை நெல்லுக்கு வருவாய்க் கிராம அளவில் கணக்குப் பார்ப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அறுவடைப் பரிசோதனையில் கிராமத்தின் சராசரி குறைந்தால் எல்லோருக்கும் வரும், உங்கள் வயல் மட்டும் தாழ்ந்த மடையில் மூழ்கினால் அந்தக் கணக்கில் வராது. அறுத்து வயலிலேயே காயப் போட்ட கதிர் மழையில் போனால் தனி வயலுக்கும் கேட்கலாம், அறுத்த பதினான்கு நாளுக்குள் நடந்திருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

தென்னைக்கு இது எதுவும் ஒத்துவராது. கஜாவுக்குப் பிறகு அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்த 500, ஆக 1,100 கொடுத்தது. நெட்டைக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். அதுவரை வருமானம் இல்லாத வீட்டுக்கு ஒரு வருஷக் கடன் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். ஆகவே தோப்புக்காரர்கள் சங்கத்தில் கேட்க வேண்டியது காய்ப்புக்கு வரும் வரை அசலைக் கேட்காத மத்திய காலக் கடன், அதோடு ஊடுபயிருக்கோ கறவை மாட்டுக்கோ ஒரு சிறு கடன். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீடு ஒன்றும் இருக்கிறது. மரத்துக்கு இவ்வளவு என்று, பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமும் மாநில அரசும் ஏற்று, விவசாயி கட்டுவது சில ரூபாய்தான். கஜாவுக்கு முன்னால் இதைப் போட்டிருந்த தோப்புக்காரர்கள் அரிது. ஒரு தோப்பாகத் தனியாகப் போவதைவிட, சங்கத்தில் ஒரு நாள் முகாம் போடச் சொல்லித் தோட்டக்கலை, வேளாண்மைத் துறைக்காரர்களையும் வரவழைத்து எல்லாத் தோப்பையும் ஒரே மூச்சில் பதிந்துவிடுங்கள். இப்படிப்பட்ட வேலைக்குத்தான் சங்கம் வேண்டும்.

புயல் அடித்த பிறகு: சேதம் 33 சதவீதத்துக்கு மேல் என்று அரசு கணக்கெடுத்து அறிவித்தால், குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தரலாம். 50 சதவீதம் வரை சேதத்துக்கு இரண்டு வருஷம், அதற்கு மேல் ஐந்து வருஷம் வரை என்பது ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் பல ஆண்டுகளாக இருந்த அளவு. கூட்டுறவுக்கு நபார்டு வழியாக வரும். இதன் பலன் தவணை தள்ளிப்போவது மட்டுமில்லை. மாற்றிய கடன் ‘தவணை தவறிய கடன்’ ஆகாது, அதனால் அடுத்த போகத்துக்குப் புதுக் கடன் வாங்கத் தகுதி நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ஊரே சேர்ந்து ஒரே நாளில் கொடுங்கள். இது தள்ளுபடி இல்லை என்பதையும் எல்லோருக்கும் புரிய வையுங்கள்.

தள்ளுபடி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. 2006, 2016, 2021 என்று மூன்று முறை தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆயிற்று. கடைசி முறை 12,110 கோடி ரூபாய், 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகள். நொடித்துக் கிடந்த எத்தனையோ வீட்டுக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் தை மாதம் நகையை விற்றுக் கடனைக் கட்டியவர் மாசியில் ஏமாளி ஆனார். நிலமில்லாததால் கடனே வாங்க முடியாத கூலிக்காரருக்கு ஒரு பைசா வரவில்லை. அரசு அந்தத் தொகையைச் சங்கங்களுக்குத் தவணை தவணையாகத்தான் கொடுத்தது, அதுவரை சங்கத்தின் கை இறுகியே இருந்தது. புயலுக்குத் தள்ளுபடி வரும் என்று நம்பிக் கட்டாமல் இருக்கும் ஊரில், புயல் வரும்போது சங்கத்தில் கொடுக்கப் பணம் இருக்காது.

நிலமில்லாதவர்களை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. உங்கள் நாற்பது பேரில் பாதியாவது அவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன பயிர்க்கடன், காப்பீடு, கடனை மாற்றித் தருவது எதுவும் அவர்களுக்கு இல்லை. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்ப்பேச்சில் உள்குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். பயிர் அவர்களுடையது, அடங்கல் வேறொருவர் பெயரில், நிவாரணமும் அந்தப் பெயருக்கே போகும். குத்தகைப் பதிவுக்கு 1969லிருந்து சட்டம் இருக்கிறது, பதிந்துகொள்ளத் துணிவு வேண்டும். துணியாதவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் கேட்கலாம். கூலி வீடுகளுக்கு உங்கள் சின்னப் பைதான் முதல் ஆதாரம், ஆகவே அதிலிருந்து கொடுக்கும்போது ஆளுக்குச் சமமாகப் பிரிக்காமல் அவர்களுக்கு முதலில் என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பிலும் நலிவுற்ற குடும்பங்களுக்கென்று ஒரு நிதி உண்டு, இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

வாரத்தவணைக் கடன்காரர்களைப் பற்றியும் ஒரு வரி. கஜா முடிந்த கையோடு, கூரை போடாத வீட்டு வாசலில் வந்து நின்று தவணை கேட்டதை டெல்டாவில் மறந்தவர் இல்லை. அந்தக் கடன் உங்கள் ஊரில் எத்தனை வீட்டில், எவ்வளவு இருக்கிறது என்று குழுக்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்தால் தனித்தனியாக அழுவதைவிட, பட்டியலோடு ஆட்சியர் அலுவலகத்தில் தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சேர்ந்து மனுக் கொடுக்கலாம்.

கடைசியாக அக்கா மகன் அனுப்புகிறேன் என்ற பணம். அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் நேராக உங்கள் குழுக் கணக்குக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும், அந்த அனுமதி உங்கள் குழுவுக்கு இருக்காது. இரண்டில் எதுவானாலும் குழுவுக்கு வேண்டாம், தன் அம்மா கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். உறவினருக்கு அனுப்பும் பணத்துக்குத் தடையில்லை. உங்கள் அக்கா அதைத் தன் பெயரில் மத்தியக் கூட்டுறவு வங்கியில் ஒரு வருஷ வைப்பாகப் போட்டு வைக்கட்டும். அந்த ரசீதின் பேரில் எப்போது வேண்டுமானாலும் கடன் எடுக்கலாம், புயல் வராத வருஷம் வட்டியோடு அப்படியே இருக்கும்.

பேரவைக் கூட்டத் தேதி எப்போது என்று நாளைக்கே சங்கத்தில் விசாரியுங்கள். அறிவிப்பு ஒட்டியிருந்தால் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள், தீர்மான வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.